வாளியில் என்ன போடுகிறோம்? குளியல் கைவைத்தியம் தொடங்குகிறவர்களுக்கு

அரிப்பு என்றால் வேப்பிலைத் தண்ணீர், கால் வலி என்றால் கல்லுப்பு, பொடுகு என்றால் எலுமிச்சை, உடம்பு சூடு என்றால் நல்லெண்ணெய். எதற்கும் அளவு கிடையாது. ‘ஒரு கை அள்ளிப் போடு’ என்பார்கள். சொன்ன பாட்டிக்குத் தன் கையும் தெரியும், தன் வீட்டு வாளியும் தெரியும். இப்போது இணையத்தைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு அளவு கிடைக்கிறது, ஆனால் அது வேறு வீட்டு அளவு. அங்கே தொட்டி, இங்கே வாளி. குளியல் வைத்தியத்தில் வருகிற எரிச்சலும் ஏமாற்றமும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

தொட்டிக் கணக்கும் வாளிக் கணக்கும்

மேலைநாட்டுக் குளியல் தொட்டி நிரம்ப ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். அதில் ஆள் கால் மணி நேரம் அமிழ்ந்து கிடப்பார். நம் வாளி 18 முதல் 20 லிட்டர். மக்கில் மொண்டு ஊற்றிய தண்ணீர் உடம்பைத் தொட்டுவிட்டுச் சில விநாடிகளில் சாக்கடைக்குப் போய்விடும். ஆக, இரண்டு கணக்குகள் மாறுகின்றன. ஒன்று அடர்த்தி, இன்னொன்று நேரம்.

முதலில் அடர்த்தி. அரிப்புக்குத் தொட்டித் தண்ணீரில் அரை கப் ஆப்பச் சோடா போடச் சொல்வார்கள். அது சுமார் 110 கிராம். 150 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 0.7 கிராம்தான். அதே அடர்த்தி 20 லிட்டர் வாளிக்கு வேண்டுமானால் 15 கிராம், அதாவது தட்டையாக ஒரு மேசைக்கரண்டி. அரை கப்பை அப்படியே வாளியில் கொட்டினால் ஏழு மடங்கு காரம். குளித்து முடித்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிறது, மறுநாள் வெள்ளையாகச் செதில் உதிர்கிறது என்று சொல்கிறவர்களிடம் அளவைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது நேரம். அடர்த்தியைச் சரியாக வைத்தாலும் மக்கில் ஊற்றும் தண்ணீர் தோலில் நிற்பதில்லை. தொட்டியில் கால் மணி நேரம் ஊறிக் கிடைக்கிற பலன் இரண்டு நிமிட வாளிக் குளியலில் கிடைக்காது. இதற்காக அளவைக் கூட்டக்கூடாது. தண்ணீர் தோலில் நிற்கும்படி வழியை மாற்ற வேண்டும். வாளி வைத்திருப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு:

ஊறவைப்பது. கால், கை போன்ற உறுப்புகளுக்கு 5 லிட்டர் பிடிக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டி போதும். 10 முதல் 15 நிமிடம்.

ஈரத்துணி போடுவது. முதுகு, தொடை, வயிறு போன்ற இடங்களுக்கு. பழைய வெள்ளைப் பருத்தி வேட்டித் துணியை நான்காக மடித்து நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து 10 நிமிடம் போட்டு வைப்பது. காயத் தொடங்கினால் மறுபடி நனைக்க வேண்டும். காய்ந்த துணி ஈரத்தைத் தோலிலிருந்தும் இழுக்கும்.

பூசுவது. பயத்தமாவு, கடலைமாவு, நலங்குமாவு எல்லாம் இந்த வகை. முழுக்கக் காய விடாமல் பாதி ஈரத்தில் கழுவ வேண்டும்.

கடைசி மக். சோப்புப் போட்டு அலசிய பிறகு, கரைசலை மேலே ஊற்றி, துடைக்காமல் ஒரு நிமிடம் நிற்பது. நான்கிலும் மெலிந்த வழி இதுதான். வேப்பிலைத் தண்ணீரைப் பெரும்பாலோர் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

வெந்நீரே பாதி வைத்தியம்

உப்பு போட்டதால் வலி போனதா, வெந்நீரால் போனதா என்று பார்க்க எளிய வழி: ஒரு நாள் வெறும் வெந்நீர், மறுநாள் அதே சூட்டில் உப்புத் தண்ணீர். தசைப்பிடிப்பு, உட்கார்ந்தே வேலை பார்த்த கால் கனம் இரண்டிலும் பல பேருக்கு வித்தியாசம் தெரியாது. சூடு இரத்தக் குழாய்களை விரிக்கிறது, தசை தளர்கிறது. இதைத் தெரிந்துகொண்டால், எந்தப் பொடியை வாங்கும் முன்னும் தண்ணீரின் சூட்டைச் சரிசெய்யத் தோன்றும்.

உடம்புக்கு ஏற்ற சூடு 37, 38 டிகிரி. 40ஐத் தாண்டினால் தோலின் எண்ணெய் கரைந்து அரிப்பு அதிகமாகும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி இருக்கிற ஊரில், 20 லிட்டர் வாளியை 38க்குக் கொண்டுவரக் கொதிக்கிற தண்ணீர் ஏறக்குறைய மூன்று லிட்டர்தான் வேண்டும், மீதி 17 லிட்டர் குழாய்த் தண்ணீர். மார்கழியில் தண்ணீர் 24 டிகிரி ஆகிவிட்டால் நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக. பெரிய குண்டான் நிறையக் கொதிக்க வைத்து, பிறகு சூடு தாங்காமல் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒன்றரை வாளி ஆக்குகிற பழக்கத்தில் எரிவாயுவும் வீண், போட்ட வேப்பிலையும் நீர்த்துப்போகிறது.

வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, மேலே வெந்நீரைச் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் வாளியில் கைவிடுகிற வீட்டில் இது கட்டாயம். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். சூடு பார்க்க விரல் சரியில்லை, வேலை செய்து காய்த்த கைக்குச் சூடே தெரியாது. முழங்கையை வைத்துப் பாருங்கள்.

வாளிக்குள் ஹீட்டர் ராடு போடுகிறவர்கள் உப்பு, சோடா, இலை எதையும் ராடு உள்ளே இருக்கும்போது போடக்கூடாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ராடையும் அரித்துவிடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரில் கை வைக்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை வெந்நீரில் ஊறவைக்கவே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டது தெரியாது, கொப்புளம் எழுந்த பிறகுதான் தெரியும். ஊறிய தோல் விரலிடுக்கில் வெடித்தால் அதுவே புண்ணுக்கு வாசல்.

உப்பு

கல்லுப்பானாலும் தூளுப்பானாலும் இந்துப்பானாலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறத்துக்காக நான்கு மடங்கு விலை கொடுப்பது அவரவர் விருப்பம், தோலுக்கு அந்த நிறம் தெரியாது.

கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மருத்துவமனையில் ஏற்றுகிற சலைனில் 9 கிராம். 20 லிட்டர் வாளியில் ஒரு கைப்பிடி, அதாவது ஐம்பது அறுபது கிராம் போட்டால் லிட்டருக்கு மூன்று கிராம். ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு ஒரு கிராம் இருப்பது சாதாரணம். அதனால் வாளியில் ஒரு கை உப்பு தீங்கும் செய்யாது, பெரிதாக ஒன்றும் செய்யவும் செய்யாது.

உப்புக்கு உண்மையான வேலை இருப்பது சிராய்ப்பு, நகச்சுற்று, மூலம் போன்ற இடங்களில். சலைன் அளவு உப்பு புண்ணை எரிக்காமல் கழுவும். நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 36 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. மூலத்துக்கு இடுப்பு மூழ்க உட்காரும் தொட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கும். மேல்நாட்டுக் கழிப்பறைப் பீங்கான் மேல் வைக்கிற மாதிரியும் உண்டு. 10 முதல் 15 நிமிடம், மலம் கழித்த பிறகு ஒரு முறையும் சேர்த்து நாளுக்கு இரண்டு மூன்று தடவை. அங்கே வேலை செய்வது சூடு. ஆசனவாய்ச் சுருக்குத் தசை தளர்வதால் வலி குறைகிறது. உப்பு இல்லாவிட்டாலும் குறையும். டெட்டால் ஊற்றிக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு அந்த இடத்துத் தோல் வெந்து, மூலத்தை விட அதுதான் பெரிய தொல்லை ஆகிறது.

எப்சம் உப்பு வேறு. அது மக்னீசியம் சல்பேட், இங்கிலாந்தின் எப்சம் ஊர் ஊற்றுத் தண்ணீரிலிருந்து பெயர் வந்தது. தோல் வழியாக மக்னீசியம் உள்ளே போய் வலியைப் போக்குகிறது என்று பாக்கெட்டில் எழுதுவதற்கு உறுதியான சான்று இல்லை. கால் ஊறவைக்க 5 லிட்டருக்கு நான்கு மேசைக்கரண்டி போதும். உரக்கடையில் செடிக்கு விற்கிற எப்சமை வாங்கிக் குளிக்க வேண்டாம், அதன் தூய்மைக்கு யாரும் பொறுப்பில்லை. பிள்ளைகள் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பேதி மருந்து.

சோடாவில் எது சோடா

ஆப்பச் சோடாவும் சலவைச் சோடாவும் மளிகைக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டும் வெள்ளைத் தூள். புளிப்பையும் காரத்தையும் அளக்கிற pH அளவில் 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஆப்பச் சோடாக் கரைசல் 8.3 அளவில் நிற்கும். சலவைச் சோடா 11ஐத் தொடும். தோல் இயல்பாகவே 5 அளவில் புளிப்பாக இருக்கிறது, அந்தப் புளிப்புதான் கிருமிக்கு வேலி. ஆப்பச் சோடா வேலியைச் சற்று அசைக்கும், சலவைச் சோடா பிடுங்கிப் போடும். டப்பாவில் மாற்றி வைத்திருந்தால் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

ஆப்பச் சோடாத் தண்ணீர் பூச்சிக்கடி அரிப்புக்கும் சின்னம்மை அரிப்புக்கும் கொஞ்ச நேரம் இதம் தரும். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், முடித்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அதையே வினிகரோடு சேர்த்து ஊற்றுகிற காணொலிகள் நிறைய. பொங்குவதைப் பார்த்தால் ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும். நடப்பது இதுதான்: புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரியமில வாயுவாகப் போய்விடும், மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். இரண்டில் எதன் பலனும் இருக்காது.

எலுமிச்சை

இயற்கைதானே என்று துணிந்து, அதிகம் பேர் கறுத்துப்போவது இதில்தான். எலுமிச்சைச் சாறு அதே pH கணக்கில் 2 அளவு, புளிப்பு தோலை விடப் பல நூறு மடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல், எலுமிச்சை இனத்தின் தோலிலும் சாற்றிலும் இருக்கும் சோராலன் என்ற பொருள். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளிக்கும், பிறகு அந்த இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். சாறு வழிந்த கோடு அப்படியே கறுப்பாகத் தெரியும். வெள்ளையாக வேண்டும் என்று பூசிக்கொண்டு வெயிலில் போனவருக்கு நேர்மாறாக முடிகிற கதை இது.

தலைக்கு வேண்டுமானால்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சாறு, சோப்பு போட்ட தலைமுடிக்கு மட்டும், உடனே நன்றாக அலசிவிட வேண்டும். சோப்பின் காரத்தைச் சமன் செய்து முடிச் செதில்களைப் படியவைக்கிற அளவுக்கு இது போதும். பாதி மூடியைத் தலையில் நேராகத் தேய்க்கிற வழக்கத்தை விட்டுவிடலாம்.

வேப்பிலையும் மஞ்சளும்

வேப்பிலையின் சாறு கிருமிகளை அடக்குவது சோதனைச் சாலையில் தெரிந்த விஷயம். ஆனால் அங்கே எடுக்கிற சத்தும், பத்து இலை மிதக்கிற வாளியும் ஒன்றல்ல. கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டுமானால் இப்படி:

1. கொழுந்தாக இல்லாமல் முற்றிய இலை, இரண்டு கைப்பிடி. தூசியும் பூச்சியும் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். சாலையோர மரத்து இலை வேண்டாம்.
2. இரண்டு லிட்டர் தண்ணீரில் மூடி போட்டு 10 நிமிடம் கொதிக்கட்டும். தண்ணீர் வெளிர்பச்சையும் பழுப்புமாக மாறி, நாக்கில் தொட்டால் கசக்க வேண்டும்.
3. ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். காம்பும் இலை நரம்பும் ஏற்கெனவே அரிக்கிற தோலில் கீறும்.
4. வாளியில் கலக்காமல், இந்த இரண்டு லிட்டரையே ஈரத்துணிக்கும் கடைசி மக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.
5. மிஞ்சியதை அன்றே கொட்டிவிடுங்கள். ஒரு இரவு வைத்தால் நாற்றமெடுக்கும், கிருமிநாசினி என்று நினைத்ததிலேயே கிருமி வளரும்.

வேப்பெண்ணெய் வேறு கதை. அதைக் குழந்தைகளுக்கு வாயில் ஊற்றக்கூடாது, ஒரு துளிகூட. மூளையைப் பாதித்து வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு.

மஞ்சளில் தண்ணீரில் கரையாததுதான் முக்கியமான பொருள். குர்குமின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் மிதந்து அடியில் தங்கிவிடும். அதனால் மஞ்சள் தண்ணீர் என்பது பாதி சடங்கு, பாதி நிறம். பூசத்தான் வேண்டுமென்றால் தேங்காயெண்ணெயிலோ பாலேட்டிலோ குழைத்துப் பூசுவதற்குக் காரணம் இருக்கிறது. பூசிய கையோடு சோப்பு போட்டால் சிவந்து கறை நிற்கும், பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவக்கிறதே, அதே வேதியியல்தான், சோப்பும் காரம். வேட்டி, துண்டில் பட்ட மஞ்சளைச் சோப்பால் தேய்த்துச் சிவப்பாக்கிவிட்டு அலறாமல், அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள், வெளுத்துவிடும். பாக்கெட் தூளில் சாயக் கலப்படத்துக்கு வாய்ப்பு உண்டு, ஆகவே தோலுக்குக் கிழங்கு வாங்கிக் கல்லில் உரைத்துக்கொள்வதே மேல்.

அம்மை இறங்கி வேப்பிலை மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற நாளுக்குக் கணக்குப் பார்ப்பது நல்ல பழக்கமாகவே அமைந்துவிட்டது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை சின்னம்மை அடுத்தவருக்குத் தொற்றும், அதற்குப் பிறகு தொற்றாது. ஆனால் அதுவரை குளிக்கவே கூடாது என்பதற்குக் காரணம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரைத் தேய்க்காமல் ஊற்றி, துண்டால் ஒற்றி எடுத்தால் அரிப்பு குறையும், புண்ணில் சீழும் பிடிக்காது. பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கக்கூடாது. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அம்மை கண்டால் முதல் நாளே மருத்துவரிடம் போக வேண்டும், தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

எண்ணெய்க் குளியலும் சீயக்காயும்

இந்த ஒன்றில்தான் நம் வீட்டு முறை எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லாத அளவுக்குத் தேறியிருக்கிறது. தேறியிருப்பதன் காரணம் தெரியாததால்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

உடம்புக்கு 40 மில்லி, தலைக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம், எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். மிளகு பொரித்துப் போட்ட எண்ணெய் கண்ணில் வழிந்தால் அன்றைய குளியல் அத்தோடு சரி. தேய்த்து 20 முதல் 30 நிமிடம். அதற்கு மேல் ஊறவிடுவதால் கூடுதலாக எதுவும் உள்ளே போவதில்லை, உட்காரும் இடமெல்லாம் கறைதான் மிச்சம்.

சீயக்காயில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். இடையில் மாட்டிய எண்ணெய் துளித்துளியாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். நுரை குறைவாக வருவதால் வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் இன்னும் அள்ளிப் போடுவதுதான் பொதுவான பிழை. பொடிக்குச் சேர்க்கிற பயறு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், வெந்தயம் வழவழப்பைக் கொடுத்துச் சிக்கை எடுக்கும், பூந்திக்கொட்டை நுரையைக் கூட்டும். வறண்ட தலைக்குப் பூந்திக்கொட்டையைக் குறைத்து வெந்தயத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கொங்குப் பக்கத்து அரப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, உசில மரத்து இலை அது.

தோள் வரை முடி உள்ளவருக்கு மூன்று மேசைக்கரண்டிப் பொடி. வெதுவெதுப்பான வடிகஞ்சி ஒரு டம்ளரில் கட்டியில்லாமல் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பொடி ஊறாமல் தலையில் போனால் மண்டைத்தோலைச் சுரண்டும், முடியில் திப்பி திப்பியாக நிற்கும். கஞ்சியில் இருக்கும் மாவுச் சத்து கரைசலைத் தலையில் நிற்கவைக்கும், தண்ணீரில் கரைத்தது நெற்றி வழியாகக் கண்ணுக்கு ஓடும். குனிந்து, கண்ணை மூடி, பிடரியிலிருந்து முன்பக்கமாகத் தேய்த்து இரண்டு தடவை அலசுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் தொடர்ந்து கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆதாயம்: சோப்பு அந்தத் தண்ணீரில் வெள்ளைப் பிசுக்காகத் தலையில் படியும், சீயக்காய் அப்படிப் படிவதில்லை.

பொடுகுக்கு எண்ணெய் தேய்த்து இரவு முழுவதும் ஊறவைப்பது நேர்மாறான வேலைதான். பொடுகுக்குப் பின்னாலிருக்கும் ஈஸ்ட் கிருமி எண்ணெய்ப் பசையைத்தான் தின்று வாழ்கிறது. எண்ணெய் செதிலை ஊறவைத்து மறைக்கும், இரண்டு நாளில் திரும்பி வரும். வேர்க்குருவிலும் எண்ணெய் கூடாது. அங்கே அடைபட்டிருப்பது வியர்வைக் குழாய், அதன் மேல் இன்னொரு மூடி எதற்கு? பச்சைத் தண்ணீர், தளர்ந்த பருத்தித் துணி, காற்று.

தரையை மறக்க வேண்டாம். எண்ணெய்க் குளியலில் நடக்கிற விபத்துகளில் தோல் சம்பந்தப்பட்டதை விடக் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிவதுதான் பெரியது. வயதானவர்களை முக்காலியில் உட்காரவைத்துத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிய பின் மெதுவாக எழுப்புங்கள், சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். அவர் வெளியே போன பிறகு மீதிச் சீயக்காயைத் தரையில் தூவித் துடைப்பத்தால் தேய்த்து விடுங்கள். சாக்கடை ஜாலியில் பொடியும் முடியும் எண்ணெயும் கெட்டிப்பட்டு அடைக்கும். குளிக்கும் முன்பே ஒரு பழைய வலைத்துணியை அங்கே போட்டு வைத்தால் எடுத்துக் குப்பையில் போடுவது எளிது.

கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது நல்லதே. மூக்கிலும் காதிலும் ஊற்றுவது, மூக்கில் ஊதுவது, வாயில் விரல்விட்டுக் கோழை எடுப்பது மூன்றும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் யூகலிப்டஸ் தைலமும் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். பெரியவர்கள் தைலம் சேர்ப்பதானால் வாளித் தண்ணீரில் சொட்டக்கூடாது. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, முதல் மக்கிலேயே முழு வீரியத்தோடு தோலில் ஒட்டும். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் நாலைந்து சொட்டு கலந்து தேய்த்துக்கொள்ளலாம்.

ஓட்ஸ்

நம் ஊர்ப் பழக்கம் இல்லை, ஆனால் வறண்ட தோல் அரிப்புக்கு வேலை செய்யும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சிலவற்றில் ஒன்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003இல் நுண்ணிய ஓட்ஸ் மாவைத் தோல் பாதுகாப்புப் பொருளாக ஏற்றது. நுண்ணியது என்பதுதான் முக்கியம். மசாலா கலக்காத வெறும் ஓட்ஸை மிக்ஸியில் இரண்டு நிமிடம் அரைத்து, ஒரு கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். பால் போல வெளுத்து நின்றால் சரி, அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு நான்கு மேசைக்கரண்டி, ஈரத்துணி முறையில் 10 நிமிடம். அலசாமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் தடவுங்கள். ஆலிவ் எண்ணெய் வேண்டாம், அது தோலின் வேலியைக் கெடுக்கும்.

வீட்டில் அளக்க முடியாதவை

பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகத்தைக் கண்ணளவில் போடுகிறார்கள். நீர் வடிகிற புண்ணுக்கு மருத்துவர் சொல்கிற அளவு 4 லிட்டருக்கு 0.4 கிராம், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சிட்டிகை அதைத் தாண்டிவிடும். கரையாத ஒரு படிகம் தோலில் ஒட்டினால் அந்த இடம் பொசுங்கும். மருத்துவர் சொல்லித்தான் செய்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு பாட்டிலில் முழுக்கக் கரைத்துத் தெளியவிட்டு, அதிலிருந்து எடுத்துத் தண்ணீரில் வெளிர் ரோஜா நிறம் வரும்வரை மட்டும் சேர்க்க வேண்டும். ஊதா வந்தால் அதிகம். பழுப்பாகிவிட்டால் வீரியம் போயிற்று, கொட்டிவிடலாம்.

பிளீச்சிங் பவுடர் குளியல் இன்னும் மோசம். தோல் மருத்துவர்கள் சில கரப்பான் நோயாளிகளுக்குச் சொல்கிற பிளீச் குளியலின் அடர்த்தி 0.005 சதவீதம், அதுவும் வீரியம் தெரிந்த திரவத்தில் அளந்தது. கடையில் கிடைக்கிற தூள் திறந்த நாளிலிருந்து வீரியம் இறங்கிக்கொண்டே போகும், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. குளியலறை கழுவும் ஆசிட்டோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

சோதனையும் கணக்கும்

புதிதாக எதைத் தொடங்கினாலும், குளியலுக்குக் கலக்கப் போகிற அதே அடர்த்தியில் முன்கையின் உட்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் தடவி, இரண்டு நாள் பாருங்கள். ஒவ்வாமை உடனே வருவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பொருளைத் தொடங்காதீர்கள், வேப்பிலையும் மஞ்சளும் சோடாவும் சேர்ந்த தண்ணீரில் எது எரித்தது என்று யார் சொல்வது? நாட்காட்டித் தாளில் தேதி, பொருள், கிராம், லிட்டர், நிமிடம், அன்றிரவு அரிப்பு எப்படி என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் அந்தப் பொருள் உங்களுக்கு இல்லை.

சில அரிப்புக்குக் குளியலே பதில் இல்லை. இரவில் கூடுகிற அரிப்பு, விரலிடுக்கில் சிறு கட்டிகள், வீட்டில் இரண்டாவது ஆளுக்கும் வந்துவிட்டது என்றால் அது சிரங்கு. தோலுக்குள் துளையிட்டு வாழ்கிற பூச்சியை எந்த இலைத் தண்ணீரும் எட்டாது. பெர்மெத்ரின் களிம்பை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் கழுத்துக்குக் கீழே முழுவதும் தடவ வேண்டும். குழந்தைகளுக்கு அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். வட்டமாக, ஓரம் மட்டும் தடித்துப் பரவுவது படர்தாமரை. அதற்குக் கடையில் கேட்டு வாங்குகிற, ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அமுக்கிவிட்டுப் பிறகு பரப்பிவிடும்.

மீந்த தண்ணீரைக் கொட்டுவதிலும் பேதம் உண்டு. வேப்பிலைத் தண்ணீரும் ஓட்ஸ் தண்ணீரும் செடிக்குப் போகலாம், ஓட்ஸுக்கு எறும்பு வரும், அவ்வளவுதான். உப்பு, சோடா கரைத்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றாதீர்கள். சீயக்காய் நுரை மீன் தொட்டிக்கோ அல்லிக் குளத்துக்கோ ஓடும்படி வாய்க்கால் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள், சபோனின் மீனின் செவுளைத் தாக்கிக் கொன்றுவிடும்.